கொலுப்படிக்குப் பலகை எவ்வளவு?

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஊரை விட்டு வந்து, வாடகை வீடுகளிலும் உத்தியோகக் குடியிருப்புகளிலும் காலம் கழிக்கும் நமக்கு இவ்வாக்கு இரு மடங்கு பொருந்தும். ஊரிலே பரம்பரையாக வரும் தச்சர் நம் வீட்டுக் கூடத்தை நம்மைவிட நன்கறிவார். இங்கோ கடைக்காரரின் மொழியும் வேறு, தச்சரும் புதியவர். நாம் சொல்லும் அளவு ஒன்றே நமக்குத் துணை. ஆகவே, நவராத்திரிக்கு ஐந்து படிகள் கொண்ட மரக் கொலுப்படி செய்விப்பதையே உதாரணமாக வைத்துக்கொண்டு, மரத்தை அளந்து மதிப்பிடும் முறையைக் காண்போம்.

முதலில் எதைக் கொண்டு அளப்பது? சாணும் முழமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பூ வாங்கும்போது யார் கை முழம் என்று நாம் பார்ப்பதில்லையா? ஆதலால் எஃகு நாடாவே நன்று. அதன் நுனியிலுள்ள கொக்கி சற்றே ஆடுவதைக் கண்டு, பழுதென்று எண்ணி இறுக்கிவிடலாகாது. அக்கொக்கி தன் தடிப்பளவே நகரும்படி அமைந்தது. பலகை விளிம்பில் மாட்டி இழுத்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் கணக்குச் சரியாக வருவதற்கே அந்த ஆட்டம்.

எங்கிருந்து எதுவரை அளந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ரயில்வேயின் அகலப் பாதைக்கு 1,676 மில்லிமீட்டர், அதாவது 5 அடி 6 அங்குலம் என்கிறோம். அது இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையேயுள்ள தூரம்; வெளிப்பக்கம் அளந்தால் கணக்கு வேறு. மரச் சாமான்களுக்கும் இதுவே விதி. 'உள்ளளவு', 'வெளியளவு' என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னர் வழக்கில்லை.

மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் நம் நாட்டில் 1956-இல் வந்தது. ஆயினும் தச்சர்களிடையே அடியும் அங்குலமும் இன்றும் மறையவில்லை. 1 அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; 1 அடி 30.48 சென்டிமீட்டர். அங்குலத்தில் எட்டிலொரு பங்கை நம் தச்சர்கள் 'நூல்' என்பர். ஹிந்தி பேசும் தச்சர்கள் அதனையே 'சூத்' என்பர். அச்சொல்லுக்கும் நூல் என்றே பொருள்! மூன்று நூலை 'தீன் சூத்' என்றால் அவருக்கு விளங்கிவிடும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். படி ஒவ்வொன்றும் 4 அடி நீளம் என்றால், ஐந்து படிக்கு 20 அடி. கடையிலோ பலகை 10 அடி நீளத்தில் இருக்கிறது. இரண்டு பலகை போதுமென்று தோன்றும், போதாது. ஒரு பலகையில் நான்கடித் துண்டுகள் இரண்டே தேறும். 2 அடி மிஞ்சும். ஆகவே மூன்று பலகை வேண்டும். மொத்த நீளத்தைக் கூட்டுவது மட்டும் கணக்காகாது. எந்தப் பலகையில் எத்தனை துண்டு தேறும் என்பதே கணக்கு.

படியை 3 அடி 4 அங்குலமாகக் குறைத்தால் பலகைக்கு மூன்று துண்டு சரியாக வருமே எனலாம். அங்கேதான் ரம்பம் குறுக்கிடுகிறது. ஒவ்வோர் அறுப்பிலும் ஏறக்குறைய ஒரு நூல் மரம் தூளாகப் போகும். கடைசித் துண்டு இரண்டு நூல் குறையும். பலகையின் முனை வெடித்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஆகவே படியின் நீளத்தை 3 அடி 3 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மூன்று துண்டுக்கு 9 அடி 9 அங்குலம். ரம்பத்துக்கும் முனைக்கும் 3 அங்குலம் இருக்கிறது. இரண்டு பலகையில் ஐந்து படியும் முடிந்துவிடும்.

இதன் பயன் விலையில் தெரியும். மரத்திற்குக் கன அடிக் கணக்கில் விலை சொல்வதுண்டு. 10 அடி நீளத்தை 9 அங்குல அகலத்தாலும் 1 அங்குலத் தடிப்பாலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 0.625 கன அடி. ஒரு பலகை குறைந்தால் அவ்வளவு மரத்தின் விலை மிச்சம்.

பக்கத்துச் சாய்வுச் சட்டத்தைக் கண்ணால் மதிப்பிடுவோர் ஏமாறுவர். உயரம் 3 அடி, தரையில் நீளம் 4 அடி என்றால் சாய்வு 5 அடி. அத்தகைய சட்டங்கள் இரண்டு, பத்தடி மரத்தில் அடங்கா. முனைகளைச் சாய்த்து அறுக்கவும் இடம் வேண்டுமல்லவா? பன்னிரண்டடி மரமே தக்கது.

வீட்டு வாயிலின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் கூடவே அளந்துகொள்வோம். மாற்றல் உத்தரவு எப்போது வருமென்று அறியாத குடும்பங்கள், ஆணிக்குப் பதில் போல்ட்டுப் பூட்டிக் கழற்றும்படி செய்விப்பது நலம். கடைக்குப் போகுமுன் ஒவ்வொரு பலகையையும் தாளில் கோடாக வரைந்து, துண்டுகளைக் குறித்துப் பார்க்க வேண்டும். தாளில் போட்ட கோட்டை அழித்து எழுதலாம். அறுத்த மரத்தை நீட்ட முடியாது. இவ்வாறு மிச்சமாகும் பணம் ஒரு புதுப் பொம்மைக்கோ, ஒன்பது நாள் சுண்டலுக்கோ உதவட்டும்.