ஓய்வும் இளைப்பாறலும்: இதய வால்வு அறுவைக்கு முன்னும் பின்னும் உடலியக்கம்

மொழியியல் கற்றவருக்கு இதய மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். ஒரு சொல்லின் பொருளை மாற்றி உணர்ந்ததால் நேர்ந்த இடரே இவ்வுரைக்குக் காரணம் என்பது எம் விடை.

பணி ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் எமக்கு இதயத்தின் பெருந்தமனி வால்வை மாற்றும் அறுவை நடந்தது. வீடு திரும்பிய நாளில் கையில் தரப்பட்ட தாளில், வீட்டில் 'ரெஹாட்' எடுக்க வேண்டும், பளுவான வேலை கூடாது என்ற பொருளில் மலாய் மொழியில் இரண்டே வரிகள் இருந்தன. எம் இல்லத்தார் அதனை 'ஓய்வு' என்று தமிழாக்கினர். தண்ணீர்ச் செம்பும் செய்தித்தாளும் கட்டிலுக்கே வந்தன. எழுந்தால், "படுங்கப்பா" என்று மகள் கடிந்துகொள்வார். இரண்டு வாரம் கழித்து இயன்முறைச் சிகிச்சையாளர், "நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள்?" என்று வினவியபோது எம்மிடம் விடையில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழவும் இயலவில்லை. நெஞ்சு தேறிக்கொண்டிருந்தது, கால்கள் தளர்ந்திருந்தன. அன்பில் குறையில்லை, சொல்லிலேதான் குறை.

சொல்லின் இரு வழிகள்

'ஓய்வு' என்பது 'ஓய்' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. ஓய்தல் என்பது நின்றுபோதல், முடிவுறுதல், தளர்தல். மழை ஓய்ந்தது என்கிறோம். ஆள் ஓய்ந்துவிட்டார் என்கிறோம். பணியை விட்டு நீங்குவதையும் ஓய்வு என்றே குறிக்கிறோம். 'இளைப்பாறுதல்' வேறு வகையான சொல். இளைப்பு என்பது களைப்பு. மூச்சு வாங்குவதையும் அது குறிக்கும். ஆறுதல் என்பது தணிதல், குணமாதல். சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. உழைப்பு, இளைப்பு, அதனைத் தணித்தல், மீண்டும் உழைப்பு என்னும் சுழற்சி இச்சொல்லுக்குள் அடங்கியுள்ளது. முன்னர் இயக்கம் இல்லையேல் இளைப்பு இல்லை. இளைப்பு இல்லையேல் ஆறுவதற்கும் ஒன்றில்லை.

இதய அறுவைக்குப் பின் மருத்துவர் வேண்டுவது இளைப்பாறலே. அதனை ஓய்வு என்று விளங்கிக்கொள்ளும்போது நோயாளி கட்டிலோடு கட்டுண்டு போகிறார்.

வால்வு என்பது யாது?

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. குருதி ஒரு திசையில் மட்டும் செல்லவிட்டு, திரும்பி வராமல் தடுப்பது அவற்றின் தொழில். இலத்தீனில் 'வால்வா' என்பது மடிப்புக் கதவின் ஓர் இலையைக் குறிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஈரிதழ், மூவிதழ் என்று இதழால் பெயரிட்டன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இருகூர், முக்கூர் என்று கூரால் பெயரிட்டன. இரண்டும் வடிவம் நோக்கி எழுந்த நல்ல பெயர்களே.

இக்கதவு இரு வகையில் பழுதுறும். சரியாகத் திறவாமல் குறுகிப்போவது ஒன்று. சரியாக மூடாமல் கசிவது மற்றொன்று. வளர்ந்தவர்க்குப் பெருந்தமனி வால்வின் திறப்பு ஏறத்தாழ 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அது 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கினால் கடுமையான குறுக்கம் எனப்படும். உடற்பயிற்சி இக்குறுக்கத்தை விரிக்காது. சுண்ணம் படிந்த இதழை நடை இளக்காது. அதற்குரிய தீர்வு வால்வைச் செப்பனிடுவதோ மாற்றுவதோ ஆகும்.

அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் அறுவை மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் இணைந்து உருவாக்கிய செயற்கை வால்வு 1960ஆம் ஆண்டில் மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாகி 1990ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இந்திய வால்வு, சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமத்தின் பெயரையும் தாங்கி 'டிடிகே சித்ரா' என வழங்குகிறது. 2002ஆம் ஆண்டில் பிரான்சின் அலன் கிரிபியே, மார்பைத் திறவாமல் குருதிக் குழாய் வழியாகவே வால்வைச் செலுத்திப் பொருத்திக் காட்டினார்.

படுக்கை கற்பித்த பாடம்

நெஞ்சு நோயாளியை அசையவிடக் கூடாது என்ற எண்ணம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு கண்டவரை மேனாட்டு மருத்துவமனைகளிலும் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தினர். 1952ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரின் சாமுவேல் லெவைனும் பெர்னார்டு லவுனும் அத்தகையோரை நாற்காலியில் அமர்த்திப் பார்த்தனர். அமர்ந்தவர்கள் தீங்குறவில்லை, நன்றாகவே தேறினர். அடுத்த ஆண்டு ஜெர்ரி மாரிஸ் குழுவினர் இலண்டன் மாடிப் பேருந்துகளை ஆராய்ந்து, நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிடப் படியேறி இறங்கிய நடத்துநர்க்கு இதயத் தமனி நோய் குறைவு என்று வெளியிட்டனர்.

1966ஆம் ஆண்டில் டாலஸ் நகரில் நடந்த ஆய்வு இவற்றினும் கூர்மையானது. நல்ல உடல்நலமுள்ள ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் வைக்கப்பட்டனர். உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்சத்திறன் அவர்களிடம் கால்பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை குறைத்த திறனைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகம் என்று தெரியவந்தது. இவை வால்வு நோயைப் பற்றிய ஆய்வுகள் அல்ல. எனினும் அசைவின்மை உடலுக்கு இழைக்கும் கேடு எந்நோயாளிக்கும் பொதுவானது.

பேச்சே அளவுகோல்

அங்ஙனமாயின் எவ்வளவு இயங்குவது? இதற்கு மொழியோடு தொடர்புடைய எளிய சோதனை ஒன்றுண்டு. நடந்துகொண்டே முழு வாக்கியம் ஒன்றைத் தடையின்றிப் பேச முடியவேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்று விரைந்திருக்கவேண்டும். அதுவே மிதமான உழைப்பு. எளிதாகப் பாட முடிந்தால் நடை மெதுவானது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை வாக்கியம் முறிந்தால் நடை மிகையானது.

இச்சோதனையின் அடிப்படை ஒலியியலில் உள்ளது. உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்றுப் பின்னர் பிற உறுப்புகளோடு பொருந்தி எழுத்தாகிறது என்று தொல்காப்பியப் பிறப்பியல் வகுக்கும். அக்காற்று வெளிமூச்சே. பேசும்போது நாம் உள்மூச்சை விரைந்து இழுத்து, வெளிமூச்சை நீட்டிச் செலவிடுகிறோம். உடல் மிகுதியான உயிர்வளியைக் கோரும்போது அந்த நீட்டிப்புக்கு இடமிராது. மூச்சு வாக்கியத்தின் குறுக்கே வந்து நிற்கும்.

எம் நோயை முதலில் கண்டறிந்ததும் இவ்வழியே. மாடியறை ஒன்றில் உரை நிகழ்த்தி முடித்தபின் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, உங்கள் வாக்கியங்கள் சுருங்கிவிட்டன" என்றார். முதுமை என்று சொல்லிச் சிரித்துக் கடந்தோம். அது முதுமையன்று என்பதைச் சில திங்கள் கழித்து எதிரொலி வரைபடம் காட்டியது. நீண்ட வாக்கியம் பேசிப் பழகியவர் குறுகிய வாக்கியத்திற்கு வந்துவிட்டால், ஆசிரியப் பெருமக்கள் அதனை நடையழகின் மாற்றம் என்று எண்ணிவிட வேண்டா.

அறுவைக்கு முன்

அறுவைக்குக் காத்திருப்போர் அனைவர்க்கும் ஒரே விதி பொருந்தாது. வால்வின் பழுது இலேசானதாயின் மருத்துவர் பெரும்பாலும் வழக்கமான நடையை ஊக்குவிப்பார். பெருந்தமனி வால்வு கடுமையாகக் குறுகி, நடக்கும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் கடும் உழைப்பு உயிருக்கே ஊறு விளைக்கும். பேச்சுச் சோதனையை நம்பித் துணியும் நிலையன்று அது. மருத்துவரின் சொல்லே எல்லை.

இவ்விடத்தில் பினாங்கு மக்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். தண்ணீர்மலை முருகன் திருக்கோயிலுக்குப் படிகள் 513. அறுவை நலமாக முடியவேண்டும் என்று வேண்டி, அறுவைக்கு முன்பே அப்படிகளை ஏறிவிடத் துணிவோர் உண்டு. நேர்த்திக்கடனை உடல் தேறியபின் செலுத்துவதால் பக்தி குறைந்துவிடாது. மூச்சு வாங்கும் நெஞ்சோடு ஏறுவதோ அறிவுடைமையாகாது.

மருத்துவர் இசைவு தந்தால், காத்திருக்கும் காலத்தைப் பயனுள்ளதாக்க மூன்று செயல்கள் உள. முதலாவது, சமதளத்தில் சிறுசிறு நடை. இரண்டாவது, ஆழ்ந்து மூச்சிழுத்து மெல்ல விடும் பயிற்சி. மூன்றாவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பழக்கம். அறுவைக்குப் பின் கைகளால் அழுத்தி எழக்கூடாது. கால்களே உடலைத் தூக்கவேண்டும். எம்மிடம் இல்லாதிருந்த வலிமை இதுவே.

அறுவைக்குப் பின்

மார்பைத் திறந்து செய்யும் அறுவையில் நெஞ்செலும்பு நெடுக்கில் பிளக்கப்பட்டு, பின்னர் கம்பியால் பிணைக்கப்படுகிறது. அது பெரும்பாலும் கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முழு உறுதி பெற மூன்று திங்கள் வரை செல்லலாம். ஆகவே அக்காலத்தில் விலக்கப்படுவது பளு, இழுத்தல், தள்ளுதல் ஆகியவையே, நடை அன்று. ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கக் கூடாது. பேரக்குழந்தையை இடுப்பில் ஏற்றக் கூடாது. காரும் மோட்டார் சைக்கிளும் மருத்துவர் விடுக்கும்வரை காத்திருக்கட்டும். இருமும்போது தலையணை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். குருதிக் குழாய் வழியே வால்வு பொருத்தப்பட்டவர்க்கு நெஞ்செலும்பு பிளக்கப்படாமையால் இக்கட்டுப்பாடுகள் மிகக் குறைவு.

நடையோ மருத்துவமனையிலேயே தொடங்கிவிடுகிறது. இடரில்லாதவரை ஓரிரு நாளில் நாற்காலியில் அமர்த்தி, பின் தாழ்வாரத்தில் நடக்க வைப்பர். வீட்டிற்கு வந்தபின் ஒருமுறைக்கு ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று நான்கு முறை நடக்கத் தொடங்கி, ஒன்றிரண்டு நிமிடமாகக் கூட்டிச் செல்லலாம். சில வாரத்தில் அரைமணி நேர நடை கைகூடும். ஒவ்வொரு நடைக்குப் பின்னும் அமர்ந்து இளைப்பாறுதல் வேண்டும். மறுநாள் களைப்பு மிகுந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புவது தோல்வியன்று.

இடத்தையும் நேரத்தையும் தேர்வது நன்று. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளுக்கு முன்னுள்ள ஐந்தடி நடைவழி நிழல் தரும். ஆனால் கடைக்குக் கடை தளம் உயர்ந்து தாழும், மோட்டார் சைக்கிள்களும் மறித்து நிற்கும். உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள் வாழ்நாள் முழுதும் குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வதால், தடுக்கி விழுவது அவர்க்குப் பெருந்தீங்கு. வெயில் ஏறுமுன் கடலோரப் பாடாங் திடலைச் சுற்றி நடப்பது எமக்கு உகந்ததாயிற்று. முதல் வாரம் திடலின் ஒரு பக்கத்தை மட்டும் நடந்தோம். மூன்றாம் திங்களில் முழுச் சுற்று கைகூடியது.

காய்ச்சல், புண்ணில் நீர் கசிதல், படபடப்பு, கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடுதல், படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவை தோன்றினால் நடையை நிறுத்தி மருத்துவரை அணுகவேண்டும். நெஞ்சுவலியும் மயக்கமும் நேர்ந்தால் காத்திருத்தல் கூடாது. அவசர ஊர்தியை அழைக்கவேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

வால்வு நோய் முதியோர்க்கு மட்டும் உரியதன்று. பள்ளிப் பருவத்தில் ஒருவகை நுண்ணுயிரால் வரும் தொண்டை அழற்சி தக்க மருந்தின்றி விடப்பட்டால் வாதக் காய்ச்சலாக மாறி வால்வைத் தாக்கலாம். தொண்டை வலியோடு காய்ச்சலுறும் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்புமாறு பெற்றோரிடம் கூறுவது ஆசிரியர் கடன். வால்வு அறுவை முடிந்து வகுப்புக்குத் திரும்பும் மாணவரை உடற்கல்வி வேளையில் ஓரமாக அமர்த்திவிடுவதும் முறையன்று. எது கூடும், எது கூடாது என்று மருத்துவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றால், அப்பிள்ளை தன் தோழரோடு இயன்றவரை இயங்கலாம்.

மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ மருத்துவமனையிலிருந்து திரும்பினால், மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள தாளைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் நீங்களே. 'ரெஹாட்' என்ற சொல்லைக் கண்டால் உடனே 'ஓய்வு' என்று கூறிவிடாதீர்கள். எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு தூக்கலாம், எப்போது நிறுத்தவேண்டும் என்னும் மூன்று வினாக்களை மருத்துவரிடமோ தாதியரிடமோ கேட்டு, விடையைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பின்னர் அவரோடு சேர்ந்து நடந்து, பேச்சுக் கொடுங்கள். அவர் வாக்கியம் முறியாமல் விடை கூறினால் நடை சரியான அளவில் உள்ளது என்று அறியலாம்.