துவக்கப் பட்டியலைத் திருத்தியபின் எழாத கணினி

கணினி மெதுவாக எழுகிறது என்பதற்காக, அதனுடன் சேர்ந்து தாமாகவே இயங்கத் தொடங்கும் நிரல்களை முடக்குவது பரவலான வழக்கம். ஆனால் 'துவக்க நிரல்கள்' என்ற ஒரே பெயரின்கீழ், தன்மையில் முற்றிலும் வேறான இரண்டு வகைகள் அடங்கியிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அரட்டைச் செயலி, அச்சுப்பொறிக்கான துணைநிரல் போன்றவை முதல் வகை. டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் காணப்படும் இவை, பயனர் கடவுச்சொல்லைத் தந்து உள்ளே நுழைந்த பிறகே இயங்குகின்றன என்பதால், அனைத்தையும் முடக்கினாலும் விண்டோஸ் உள்நுழைவுத் திரை வரை வந்தே தீரும். திரைக்குப் பின்னால் ஓயாமல் பணிபுரியும் 'சர்வீஸ்' எனப்படும் சேவைகளும், வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் நின்று பேசும் 'டிரைவர்' எனப்படும் இயக்கிகளும் இரண்டாம் வகை. கணினி எழாமற்போவது பெரும்பாலும் இவற்றில் கை வைப்பதால்தான்.

விண்டோஸின் அமைப்புகள் குறித்து வைக்கப்படும் 'ரெஜிஸ்ட்ரி' என்ற பதிவேட்டில், ஒவ்வொரு சேவைக்கும் இயக்கிக்கும் 'ஸ்டார்ட்' என்ற பெயரில் ஓர் எண் உண்டு. 0 என்றால் 'கெர்னல்' எனப்படும் கருநிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அந்த இயக்கி நினைவகத்தில் ஏற்றப்பட வேண்டும். 1 என்றால் கருநிரல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும்போது. 2 தானாக, 3 தேவைப்படும்போது, 4 முடக்கம். வட்டினைப் படிக்கும் இயக்கியின் 0 தவறுதலாக 4 ஆகிவிட்டால், தன் கோப்புகள் இருக்கும் வட்டையே படிக்க இயலாத நிலைக்கு விண்டோஸ் தள்ளப்பட்டு, 'இன்னாக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற வாசகத்துடன் நீலத் திரையில் நின்றுவிடும். டாஸ்க் மேனேஜர் இயக்கிகளைக் காட்டுவதே இல்லை என்பதால் அதில் இந்த ஆபத்து இல்லை. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய 'ஆட்டோரன்ஸ்' போன்ற கருவி அனைத்தையும் காட்டுகிறது, அதன் பயனும் அபாயமும் அதுவே.

எழாத கணினிக்கு முதல் புகலிடம், 'ரெகவரி என்விரான்மென்ட்' எனப்படும் மீட்புச் சூழல். துவக்க முயற்சி அடுத்தடுத்துத் தோல்வியுறும்போது விண்டோஸ் தானாகவே இதற்குள் செல்லும். இங்கிருந்து, குறைந்தபட்ச இயக்கிகளுடன் எழும் 'சேஃப் மோடு' என்ற பாதுகாப்பு முறையை முயலலாம். ஆயினும் 4 என்று குறிக்கப்பட்ட இயக்கி அந்த முறையிலும் ஏற்றப்படாது என்பதால், வட்டு இயக்கியே முடங்கியிருந்தால் அதுவும் தோற்கும். பதிவேட்டைப் பழைய நாளின் நிலைக்குத் திருப்பும் 'சிஸ்டம் ரெஸ்டோர்' அப்போது கைகொடுக்கும், ஆனால் அந்த வசதி முன்பே இயக்கப்பட்டிருந்திருக்க வேண்டும்.

அதுவும் இல்லாதபோது, மீட்புச் சூழலின் கட்டளைத் திரையிலிருந்து பதிவேட்டுத் திருத்தியைத் திறந்து, உறங்கிக் கிடக்கும் விண்டோஸின் 'சிஸ்டம்' என்ற பதிவேட்டுக் கோப்பை வெளியிலிருந்து ஏற்றி, முடங்கிய இயக்கியின் 'ஸ்டார்ட்' எண்ணை மாற்றலாம். 'பிட்லாக்கர்' குறியாக்கம் உள்ள வட்டாக இருந்தால், அதற்கு முன் 48 இலக்க மீட்புத் திறவுகோல் வேண்டும். மீட்புச் சூழலில் வட்டின் எழுத்து மாறியிருக்கலாம் என்பதால், சி என்று நம்பித் திறப்பது வேறு பிரிவாக இருக்கக்கூடும். மாற்றுவதற்கு முன் கோப்பின் படியொன்றை எடுத்து வைப்பது அவசியம். முடக்கியது ஆட்டோரன்ஸ் என்றால், பழைய எண்ணை அது அருகிலேயே தன் பெயரில் குறித்து வைத்திருக்கும்.

'ரெக்பேக்' என்ற கோப்புறையிலுள்ள பதிவேட்டுப் படிகளை எடுத்து மேலெழுதுமாறு பழைய வழிகாட்டிகள் கூறுவதுண்டு. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு முதல் அந்தத் தானியங்கிப் படியெடுப்பு நிறுத்தப்பட்டுவிட்டதால், அங்கிருக்கும் கோப்புகள் பெரும்பாலும் 0 பைட் அளவுள்ள வெற்றுக் கோப்புகளே. அவற்றைக் கொண்டு மேலெழுதினால், ஓர் எண்ணைத் திருத்திச் சரிசெய்திருக்கக்கூடிய பதிவேடு முழுவதுமே அழிந்துபோகும்.