நாயின் தோற்புண்: காரணம் கண்டு மருந்திடுதல்

ரோமம் உதிர்ந்து, தோல் தடித்து, ஓயாமல் உடலைச் சொறிந்துகொண்டிருக்கும் நாயைச் 'சொறிநாய்' என்ற ஒரே பெயரால் அழைப்பது நம் நாட்டு வழக்கம். இப்பெயர் சூட்டப்பட்டதும் அந்நாய்க்கு வீட்டில் இடமில்லாமற் போகிறது. நேற்றுவரை குழந்தைகளோடு விளையாடிய பிராணி தெருவிற்குத் துரத்தப்படுகிறது. அன்றேல் அதன் உடலில் மண்ணெண்ணெயோ பழைய இயந்திர எண்ணெயோ பூசப்படுகிறது. உண்மையில் இவ்வொரு பெயரின்கீழ்ப் பல வெவ்வேறு நோய்கள் அடங்கியுள்ளன. அவற்றுட் சில மனிதருக்கும் தொற்றுவன; சில தொற்றாதன. சில தாமே ஆறுவன. சில கவனியாது விட்டால் உயிருக்கே ஊறு விளைப்பன. ஆயினும் பெரும்பாலானவை குணப்படுத்தக் கூடியவையே. ஆகவே, இது எந்த நோய் என்று முதலில் அறிதலும், அறிந்த பின்னரே மருந்திடுதலும் இன்றியமையாதவை.

பெங்களூர் நகரில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள அடுகோடி, கால்நடை விஞ்ஞானத்திற்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடம். 1923ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கப்பெற்ற கால்நடை வளர்ப்பு, பால்பண்ணை நிலையத்தில் 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் சில நாட்கள் பயிற்சி பெற்றார். அந்நிலையம் பின்னர்த் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளையாயிற்று. கால்நடைகளின் உணவையும் உடலியக்கத்தையும் ஆராயும் தேசிய நிலையம் ஒன்றும் 1995ஆம் ஆண்டு முதல் அடுகோடியில் இயங்கி வருகிறது. பெங்களூர் நகரக் காவல் துறையின் மோப்ப நாய்ப் பிரிவும் இப்பகுதியிலேயே உள்ளது.

வெடிமருந்தையும் குற்றவாளியின் தடத்தையும் மோந்தறிய வேண்டிய நாய், அரிப்பினால் கவனம் சிதறினால் பணிக்கு உதவாது. எனவே, பணிநாய்களைப் பராமரிப்போர் நாள்தோறும் அவற்றின் ரோமத்தை வாரிவிடுவதை அலங்காரமாகக் கருதுவதில்லை. அதுவே அவர்களுடைய அன்றாடப் பரிசோதனை. சீப்பு செல்லும் வழியே கண்ணும் செல்வதால், புண் சிறிதாக இருக்கும்போதே அகப்பட்டுவிடுகிறது. இப்பழக்கம் வீட்டு நாய்க்கும் முற்றிலும் பொருந்தும்.

பரிசோதிக்கும் முறை

நல்ல வெளிச்சத்தில் நாயை நிறுத்தி, மூக்கிலிருந்து வால் நுனி வரை ரோமத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காதின் உட்புறம், கால்விரல் இடுக்குகள், அக்குள், வாலின் அடி ஆகிய இடங்களை விட்டுவிடலாகாது. பிறகு சில வினாக்களுக்கு விடை தேட வேண்டும். புண்ணுக்கு முன்னரே அரிப்பு இருந்ததா, பின்னர் வந்ததா? புண் உடலின் எப்பகுதியில் தொடங்கியது? வீட்டிலுள்ள பிற பிராணிகளுக்கும் மனிதருக்கும் அரிப்பு உண்டா? எத்தனை நாட்களாக உள்ளது? இவ்விடைகளைக் குறித்துவைத்தால், கால்நடை மருத்துவரின் வேலை பாதி முடிந்ததாகும்.

தெள்ளும் உண்ணியும்

வாலின் அடியிலும் இடுப்பின் மேற்புறத்திலும் ரோமம் உதிர்ந்திருந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியை ஐயுற வேண்டும். பூச்சி கண்ணிற் படாவிடினும் அதன் எச்சத்தைக் காணலாம். ஈரமான வெள்ளைத் தாளின்மீது நாயின் ரோமத்தை வாரிவிட்டால் கரிய துகள்கள் விழும். அவற்றைச் சுற்றி ஈரத்தாளில் செம்பழுப்பு நிறம் பரவினால், அது தெள்ளு உறிஞ்சிக் கழித்த இரத்தமே. பரவாவிடின் அது வெறும் தூசி. பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எளிதிற் செய்து காட்டத்தக்க சோதனை இது. சில நாய்களுக்குத் தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாது. அவற்றிற்கு இரண்டொரு கடியே உடல் முழுதும் அரிப்பை உண்டாக்கப் போதுமானது. தெள்ளின் முட்டைகளும் புழுக்களும் நாயின் உடலிலன்றி, அது படுக்கும் இடத்திலேயே மிகுதியாக உள்ளன. எனவே, படுக்கையை வெந்நீரில் துவைத்து, தரையின் இடுக்குகளைப் பெருக்கித் தூய்மை செய்யாமல் நாய்க்கு மட்டும் மருந்திடுவதால் நிலையான பயன் இல்லை.

நாயின் பழுப்பு உண்ணியும் அத்தகையதே. நன்கு இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். இது கடித்த இடம் புண்ணாவதோடு, இரத்தத்தைத் தாக்கும் கொடிய நோய்களும் இதன்மூலம் பரவுகின்றன. உண்ணியை விரலால் நசுக்கலாகாது. தோலை ஒட்டி இடுக்கியாற் பற்றி, நேராக இழுத்தெடுத்தல் வேண்டும்.

சொறி இரு வகை

உண்மையான சொறிக்குக் காரணம், தோலின் மேலடுக்கைக் குடைந்து முட்டையிடும் மிக நுண்ணிய ஓர் உண்ணி. காதின் ஓரம், முழங்கை, பின்னங்காலின் கணு, வயிறு ஆகிய இடங்களில் தடித்த பொருக்கும், இரவு பகலாகத் தாங்கொணா அரிப்பும் இதன் அடையாளங்கள். காது மடலின் ஓரத்தை விரல்களிடையே வைத்து மெல்லத் தேய்த்தால், இந்நோயுள்ள நாய்களிற் பெரும்பாலானவை தம்மையறியாமல் பின்னங்காலைச் சொறிவதுபோல் அசைக்கும்.

மனிதரின் சிரங்கிலுள்ள இவ்வினத்து உண்ணியை 1687ஆம் ஆண்டில் பொனோமோ, செஸ்தோனி என்னும் இத்தாலியர் இருவர் நுண்ணோக்கியால் ஆராய்ந்து விவரித்தனர். ஆயினும் மருத்துவ உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. 1834ஆம் ஆண்டில் ரெனூச்சி என்ற மாணவர், தம் கார்சிகா தீவின் பெண்கள் ஊசிமுனையால் உண்ணியை எடுக்கும் முறையைப் பாரிஸ் நகரில் செய்து காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று. நோயைப் பெயரால் அன்றிக் கண்ணால் அறிய வேண்டும் என்னும் பாடத்தை இவ்வரலாறு புகட்டுகிறது.

நாயின் சொறி மனிதரையும் பற்றும். நாயைத் தூக்கி அணைப்போரின் கைகளிலும் வயிற்றிலும் அரிப்புடன் கூடிய சிறு தடிப்புகள் தோன்றும். ஆனால் நாய்க்குரிய உண்ணி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை. நாய் குணமானால் வீட்டாரின் அரிப்பும் பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே நாயைத் துரத்துவது இதற்குப் பரிகாரம் ஆகாது. அது நோயை அடுத்த தெருவிற்கு அனுப்புவதேயாகும். மேலும், பட்டினியால் வருந்தும் நிலையில் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

மற்றொரு வகைச் சொறிக்குக் காரணமான உண்ணி மயிர்க்கால்களுக்குள் வாழ்வது. பிறந்த சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து இது குட்டியை அடைகிறது. பெரும்பாலான நாய்களின் உடலில் இது தீங்கின்றி வாழ்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போதே பெருகி நோயாகிறது. கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்னங்கால்களிலும் ரோமமற்ற திட்டுகள் தோன்றும். தொடக்கத்தில் அரிப்பு மிகுதியாக இராது. இது மனிதருக்குத் தொற்றாது. இளங்குட்டிகளில் ஓரிரு திட்டுகள் பெரும்பாலும் தாமே மறையும். உடல் முழுதும் பரவினால் பல மாதச் சிகிச்சை தேவைப்படும். அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகளை இந்நோயில் கொடுத்தால் நோய் முற்றும். ஒரே தோற்றத்தைக் கண்டு ஒரே மருந்தை இடுவதன் அபாயம் இதனால் விளங்கும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய, மருத்துவர் தோலைக் கத்தியின் விளிம்பால் மெல்லச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். முதல் வகை உண்ணி எண்ணிக்கையிற் குறைவாதலால் ஒரு சோதனையில் அகப்படாமலும் போகலாம். ஆகவே, 'காணப்படவில்லை' என்ற முடிவை 'இல்லை' என்று கொள்ளலாகாது.

படர்தாமரையும் சீழ்ப்புண்ணும்

வட்டமாக ரோமம் உதிர்ந்து, ஓரத்தில் செதிள் எழும் புண் படர்தாமரையாக இருக்கலாம். இது காளான் இனத்தால் வருவது. குழந்தைகளுக்கு எளிதில் தொற்றும். ஆனால் வட்டப் புண் அனைத்தும் படர்தாமரை அல்ல. பாக்டீரியாவால் உண்டாகும் சீழ்க்கொப்புளம் உடைந்து காயும்போதும் இவ்வாறே வட்டமாகச் செதிள் தோன்றும். இச்சீழ்ப்புண் பெரும்பாலும் தெள்ளு, ஒவ்வாமை, சொறி ஆகிய வேறொரு நோயின் விளைவாகவே வருகிறது. இதற்கு மருத்துவர் கொடுக்கும் எதிருயிர் மருந்தைப் புண் காய்ந்ததும் இடையில் நிறுத்தினால், கிருமி அம்மருந்திற்கு அடங்காத வலிமையைப் பெறும்.

புழுப்புண்

உடனடிக் கவனம் வேண்டுவது புழுப்புண்ணே. ஒருவகை ஈ, காயத்தின் ஓரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைக் கூட்டமாக இடும். அவை ஒரே நாளில் பொரித்து, புழுக்கள் உயிருள்ள தசையையே துளைத்துத் தின்னும். மேலே சிறு துளையாகத் தோன்றும் புண் உள்ளே ஆழ்ந்த குழியாயிருக்கும். காதிலோ கண்ணருகிலோ உண்டாகும் புழுப்புண் உயிருக்கு ஆபத்து. இத்தகைய நாயை அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். டர்பன்டைன், சுண்ணாம்பு, புகையிலைச் சாறு முதலியவற்றைத் தாமாகவே ஊற்றுவது நற்றசையையும் எரித்துவிடும்.

வீட்டில் செய்யத்தக்கவை

புண்ணைச் சுற்றியுள்ள ரோமத்தைக் கத்தரித்து, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து அந்நீரால் கழுவலாம். பின்னர்ச் சுத்தமான துணியால் ஒற்றி, நீர்த்த போவிடோன் அயோடினைத் தடவலாம். நாய் புண்ணை நக்காதவாறு கழுத்திற் கூம்பு அணிவித்தல் நன்று. நாய் தன் உடலில் பூசியதை நக்கி உட்கொள்ளும் என்பதை மறக்கலாகாது. மண்ணெண்ணெய், இயந்திர எண்ணெய், பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து ஆகியவை இதனாலேயே நஞ்சாகின்றன. மனிதருக்குரிய களிம்புகளையும் மருத்துவரைக் கேளாமல் பூசலாகாது.

உண்ணி இனங்களுக்கு இன்று சிறந்த மருந்துகள் உள்ளன. அவற்றுள் ஐவர்மெக்டினைக் கண்டறிந்தமைக்காக ஓமுரா, கேம்பெல் இருவரும் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். எனினும், மாட்டிற்கென விற்கப்படும் அம்மருந்தை அளவறியாமல் நாய்க்கு ஊசியாகப் போடுதல் கூடாது. கோலி முதலிய சில இன நாய்களில் அது மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கும்.

உணவும் கவனிக்கத்தக்கது. தோலும் ரோமமும் புரதத்தால் ஆனவை. அவற்றிற்குத் துத்தநாகமும் சில கொழுப்பு அமிலங்களும் வேண்டும். சோறும் பாலும் மட்டுமே உண்ணும் நாயின் புண் ஆறத் தாமதமாகும்.

ஓர் எச்சரிக்கை

காரணம் தெரியாத காயம் வேறொரு நாயின் கடியாகவும் இருக்கலாம். கடித்த நாய்க்கு வெறிநோய் இருந்திருக்கலாம். அவ்வாறு ஐயுற்றால், கையுறை அணிந்து சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, நாய்க்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றி மருத்துவரை உடனே கலந்துகொள்ள வேண்டும். நாயின் நடத்தை மாறியிருந்தாலோ, வாயில் உமிழ்நீர் வடிந்தாலோ அதனைத் தொடவே கூடாது. மனிதரை நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் அவ்வாறே கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூன்று வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணையும், எளிதில் இரத்தம் கசியும் கட்டியையும் புற்றுநோய் அல்லவென்று மருத்துவர் உறுதி செய்ய வேண்டும்.

கிராமங்களில் பணிபுரிவோரும் ஆசிரியரும் சொறிநாயைக் காணும்போது, அதன் உரிமையாளரிடம் முதலிற் கூற வேண்டியது ஒன்றே: 'இது தீரக்கூடிய நோய், இன்ன நோயென்று பார்த்துவிடுவோம்.' அவ்வொரு சொல்லால் ஒரு நாய் வீட்டிலேயே தங்கும். அவ்வீட்டுக் குழந்தைகளும் நோயினின்று காக்கப்படுவர்.