கடைசி நிமிடத்தில் மனம் திரும்பினால் மோட்சம் கிடைக்குமா?

கொலைகாரனுக்காக மன்றாடிய 14 வயதுச் சிறுமி!

1887-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி. பொழுது விடியும் நேரம்.

பிரான்சு நாட்டின் தலைநகரம் பாரீஸ். அங்குள்ள ரொக்கெட் ஜெயில் வாசலில் கூட்டம் கூடி இருந்தது.

காரணம்? ஒரு கொலைகாரனின் தலை அன்று வெட்டப்பட இருந்தது!

பிரான்சில் அந்நாளில் மரண தண்டனைக்குத் தூக்குமேடை இல்லை. "கில்லட்டின்" என்ற எந்திரம்தான். குற்றவாளியின் கழுத்தை ஒரு பலகையில் மாட்டுவார்கள். மேலே இருந்து கனமான கத்தி விழும். ஒரே நொடியில் தலை துண்டாகிவிடும். 1939-ம் ஆண்டு வரை இதைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே செய்து வந்தார்கள்.

அன்று கொண்டுவரப்பட்டவன் பெயர் ஹென்றி பிரான்சினி. எகிப்து நாட்டில் அலெக்சாந்திரியா நகரில் பிறந்தவன். வயது சுமார் 30. பல மொழிகள் பேசத் தெரிந்தவன்.

அவன் செய்த குற்றம் என்ன?

மூன்று கொலைகள்

அந்த ஆண்டு மார்ச்சு 17-ந் தேதி பாரீசில் ஒரு வீட்டில் 3 பேர் கழுத்து அறுபட்டுக் கிடந்தார்கள். ஒருத்தி வீட்டுக்காரி. இன்னொருத்தி அவளிடம் வேலை பார்த்தவள். மூன்றாவது உயிர், அந்த வேலைக்காரியின் சின்னஞ்சிறு மகள்!

வீட்டில் இருந்த நகைகளைக் காணவில்லை.

சில நாட்களில் மார்செயில்ஸ் துறைமுக நகரில் பிரான்சினி பிடிபட்டான். களவு போன நகைகள் அவனைக் காட்டிக் கொடுத்தன. ஜூலை மாதம் கோர்ட்டு அவனுக்கு மரண தண்டனை விதித்தது.

அவனோ குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. தான் நிரபராதி என்றே சாதித்தான். மனம் இளகியதற்கு அடையாளம் எதுவும் தெரியவில்லை. இவன் நேரே நரகத்துக்குத்தான் போவான் என்று பலரும் நினைத்தார்கள்.

ஒரு சிறுமி மட்டும் அப்படி நினைக்கவில்லை.

லிசியே நகரத்துச் சிறுமி

பாரீசுக்கு வெகு தொலைவில் லிசியே என்ற சிறு நகரம். அங்கே தெரேசா மார்த்தேன் என்ற 14 வயதுச் சிறுமி இருந்தாள். அவளுடைய தந்தை கடிகாரத் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். தாய் இறந்து 10 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய ஜெபப் புத்தகத்தில் இருந்து ஒரு படம் சற்று வெளியே நீண்டு கிடந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் கை. அதில் இருந்து இரத்தம் சொட்டிக்கொண்டு இருந்தது. "இந்த இரத்தம் வீணாகத் தரையில் விழுகிறதே! ஏந்துவார் யாரும் இல்லையே!" என்று தெரேசாவின் மனம் பதைத்தது.

அப்போதுதான் பிரான்சினியின் செய்தி அவள் காதில் விழுந்தது. அவனை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவள் உறுதி கொண்டாள். கில்லட்டினில் இருந்து அல்ல, நரகத்தில் இருந்து!

அவனுக்காக ஜெபித்தாள். அவனுக்காகப் பூசை வைக்க விரும்பினாள். வெளியே சொல்லக் கூச்சம். ஆகவே அக்காள் செலினிடம் ரகசியமாகச் சொன்னாள். அக்காளும் சேர்ந்து ஜெபித்தாள்.

கடவுளிடம் தெரேசா ஓர் அடையாளமும் கேட்டாள். அவன் பாவசங்கீர்த்தனம் செய்யாவிட்டாலும் கடவுள் மன்னிப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தன் மன ஆறுதலுக்காக மட்டும் ஒரு சிறு அடையாளம் போதும் என்று வேண்டினாள்.

மூன்று முத்தங்கள்

பத்திரிகை படிக்கக் கூடாது என்பது அவள் தந்தையின் கட்டளை. ஆனாலும் தண்டனை நிறைவேறிய மறுநாள் அவளால் பொறுக்க முடியவில்லை. "லா குருவா" என்ற பத்திரிகையைப் பிரித்தாள்.

அதில் கண்ட செய்தி அவளைத் திகைக்க வைத்தது!

பிரான்சினி பாவசங்கீர்த்தனம் செய்யாமலே மேடை ஏறினான். கத்தியின் கீழ்த் தலை வைக்க வேண்டிய நேரம். திடீர் என்று திரும்பினான். பாதிரியார் கையில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை மூன்று முறை முத்தமிட்டான்.

பிறகு கத்தி விழுந்தது.

தெரேசாவின் கண்களில் நீர் பெருகியது. யாரும் பார்த்துவிடாமல் இருக்க அவள் ஓடி ஒளிந்துகொண்டாள். கேட்ட அடையாளம் கிடைத்துவிட்டது!

இது நியாயமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது.

மூன்று உயிர்களைக் குடித்தவனுக்கு மூன்று முத்தத்தில் மோட்சமா? அறுபட்டுச் செத்த அந்தக் குழந்தைக்கு என்ன பதில்? ஆயுள் முழுவதும் ஒழுங்காக வாழ்ந்தவனும், கடைசி நிமிடத்தில் திருந்தியவனும் ஒன்றா?

கிறிஸ்தவர்கள் இந்தக் கேள்வியை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அதற்கு அவர்கள் முதலில் காட்டும் சாட்சி ஒரு கள்வன்!

இயேசுவோடு இரண்டு குற்றவாளிகளையும் சிலுவையில் அறைந்தார்கள். ஒருவன் இயேசுவைப் பழித்தான். மற்றவனோ அவனைக் கண்டித்தான். தங்களுக்குக் கிடைத்தது தகுந்த தண்டனையே என்று ஒப்புக்கொண்டான். தன்னை நினைவில் வைத்துக்கொள்ளும்படி இயேசுவை வேண்டினான். அன்றே அவன் தம்மோடு பேரின்ப வீட்டில் இருப்பான் என்று இயேசு வாக்களித்தார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 23-ம் அதிகாரம் இதைச் சொல்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மன்னிப்புக் கிடைத்தவுடன் அந்தக் கள்வனைச் சிலுவையில் இருந்து யாரும் இறக்கவில்லை. அன்று மாலை அவனுடைய கால்களையும் முறித்தார்கள் என்று யோவான் எழுதிய சுவிசேஷம் சொல்கிறது.

மன்னிப்பு வந்தது. தண்டனை நிற்கவில்லை!

பயமா? பாசமா?

கத்தோலிக்கத் திருச்சபை இதற்குத் தெளிவான விதிகள் வகுத்திருக்கிறது. 1551-ம் ஆண்டு திரெந்து சங்கம் என்ற பெரிய சபையில் இது விவாதிக்கப்பட்டது.

மனஸ்தாபம் இரண்டு வகை. நரகத்துக்குப் பயந்து வருந்துவது ஒன்று. அது குறைவுள்ள மனஸ்தாபம். அத்துடன் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்ய வேண்டும். "அன்பே உருவான கடவுளை நோகச் செய்துவிட்டேனே" என்று உருகுவது மற்றொன்று. அதுதான் உத்தம மனஸ்தாபம். பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பம் அதில் அடங்கி இருந்தால், அதற்கு முன்பே பாவம் மன்னிக்கப்படும்.

அப்போதும் கணக்கு முழுவதும் தீர்ந்துவிடாது. மிச்சக் கடனை உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீர்க்க வேண்டும் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. உயிரோடு இருப்பவன் என்றால், திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவன்.

புராட்டஸ்டண்டு சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. நற்செயலால் அல்ல, விசுவாசத்தால்தான் மீட்பு என்பது அவர்கள் கொள்கை. கள்வனுக்கு நற்செயல் செய்ய நேரம் ஏது? ஆகவே அவர்களும் அவனையே உதாரணம் காட்டுகிறார்கள்.

ஆயினும், 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜெரமி டெய்லர் என்ற அறிஞர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். ஆயுள் முழுதும் பாவத்தில் புரண்டுவிட்டு, சாகும் படுக்கையில் வருந்துவதை நம்பக் கூடாது என்று அவர் எச்சரித்தார்.

சக்கரவர்த்தியின் கணக்கு

அப்படியானால், கடைசி வரை விருப்பம்போல் வாழ்ந்துவிட்டு, கடைசியில் திருந்திக்கொள்ளலாமா?

அப்படிக் காத்திருந்தவர்களும் உண்டு. ஞானஸ்நானம் எல்லாப் பாவத்தையும் கழுவிவிடும் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. ஆகவே அதற்குப் பிறகு பாவம் செய்துவிடுவோமோ என்று அஞ்சி, 4-ம் நூற்றாண்டில் பலர் அதைத் தள்ளிப் போட்டார்கள். ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டண்டைன் 337-ம் ஆண்டு மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார்.

அந்தக் காலத்து ஆயர்கள் இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார்கள். சாவு சொல்லிவிட்டா வருகிறது?

கடவுள் எப்படியும் மன்னிப்பார் என்று துணிந்து பாவம் செய்வது, தனியே ஒரு பாவம். இனி எனக்கு மன்னிப்பே கிடையாது என்று மனம் உடைவதும் பாவம். இரண்டுக்கும் நடுவில்தான் வழி இருக்கிறது.

சிலுவைகளில் தொங்கிய கள்வர் இருவர். ஒருவன் மீட்கப்பட்டான், ஆகவே யாரும் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஒருவன்தான் மீட்கப்பட்டான்; ஆகவே யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். கிறிஸ்தவ போதகர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் விளக்கம் இது.

"என் பிள்ளை"

பிரான்சினி உண்மையாகவே மனம் திரும்பினானா? அல்லது சாவைக் கண்ட நடுக்கத்தில் முத்தமிட்டானா? அது அவனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

தெரேசா 1888-ம் ஆண்டு கன்னிமடத்தில் சேர்ந்தார். பிரான்சினியைத் தம் முதல் பிள்ளை என்றே குறிப்பிட்டார். 1897-ம் ஆண்டு, தமது 24-வது வயதில் காச நோயால் இறந்தார். 1925-ம் ஆண்டு போப்பாண்டவர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் "சிறுமலர்" என்றும், "குழந்தை தெரேசம்மாள்" என்றும் கொண்டாடுவது இவரைத்தான்!

கொலைகாரனுக்குக் கிடைத்தது கடைசி நிமிடம். அந்தச் சிறுமியோ, அவனுக்காகத் தன் முதல் நாட்களைக் கொடுத்தாள்.

கடைசி நிமிடத்திலும் கதவு திறந்திருக்கும் என்கிறது கிறிஸ்தவம். ஆனால், எது நமது கடைசி நிமிடம் என்பது யாருக்குத் தெரியும்?