புயல் ராத்திரியில் என் ஜெபம்

நான் கோடியக்கரையில் வசிக்கும் குடும்பத் தலைவி. பத்தாவது வரை படித்தவள். வீட்டுக்காரருக்குக் கடல் தொழில். ஜெபம் செய்தால் நோய் தீருமா என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 15-ம் தேதி ராத்திரியை எங்கள் பக்கத்து ஜனங்கள் யாரும் மறக்க மாட்டார்கள். கஜா புயல் வந்த ராத்திரி அது. சாயந்திரமே குழந்தை குட்டிகளோடு பள்ளிக்கூடக் கட்டடத்தில் போய்த் தங்கி விட்டோம். என் சின்ன மகனுக்கு அப்போது மூன்று வயது. காலையில் லேசாக இருந்த காய்ச்சல், ராத்திரி பதினோரு மணிக்கு நெருப்பாகக் கொதித்தது. அதற்கு முன் ஒரு தடவை காய்ச்சலில் அவனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. அதனால் எனக்குக் கை கால் ஓடவில்லை. கரண்ட் இல்லை. செல்போனில் டவர் இல்லை. வேதாரண்யத்துக்குப் போகலாம் என்றால் கதவைத் திறக்கவே முடியவில்லை. வீட்டுக்காரரும் மற்ற ஆண்களும் ஜன்னல் கதவைப் பிடித்துக் கொண்டு நின்றார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. வெளியே மரம் முறிகிற சத்தம்.

பிள்ளையைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டு, "மாதாவே, மொட்டை போடறேன், நடந்தே வர்றேன், காப்பாத்து" என்று கத்தினேன். புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் மாதாவை வேண்டிக் கரை சேர்ந்து, நன்றிக்காகக் கட்டியதுதான் வேளாங்கண்ணிக் கோயில் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை.

பக்கத்தில் ஒரு ஆத்தா உட்கார்ந்திருந்தார். அவர் வேற மதம். "ஏ புள்ள, நான் அம்பத்திரண்டு புயலயே பார்த்தவ. உன் சாமிய வேண்டிக்க. ஆனா கத்தாம மெதுவா வேண்டிக்க. நீ பதறினா புள்ளையும் பதறும்" என்றார்.

ஜெபமாலையை எடுத்தேன். முதல் பத்து மணி சொல்லும்போது வாய் குழறியது. இரண்டாவது பத்தில் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. அப்போதுதான், முன்பு வலிப்பு வந்த சமயம் நர்ஸம்மா சொன்னது ஞாபகம் வந்தது. காய்ச்சல் பிள்ளையைப் போர்த்தி மூடக் கூடாது. மருந்தை டாக்டர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. காய்ச்சல் மருந்து என் பையிலேயே இருந்தது! பயத்தில் அதையே மறந்திருக்கிறேன்.

போர்வையை எடுத்தேன். ஆத்தா டார்ச் பிடிக்க, மருந்தை அளந்து கொடுத்தேன். புடவை முந்தானையை நனைத்து உடம்பைத் துடைத்தேன். பத்து மணி சொல்வது, ஒரு தடவை துடைப்பது, ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது என்று ஜெபமாலையே எனக்குக் கடிகாரம் ஆனது. வடக்கே இருந்து அடித்த காற்று, திரும்பித் தெற்கே இருந்து அடித்தது. நான் நிறுத்தவில்லை. விடியும்போது பிள்ளைக்கு வேர்த்து, காய்ச்சல் இறங்கியிருந்தது. "பசிக்குதும்மா" என்றான். ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி வழி உண்டாக்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்க் காட்டினோம்.

வெளியே வந்து பார்த்தால் எங்கள் வீட்டில் கூரை இல்லை. படகு உடைந்து கிடந்தது. வேதாரண்யம் உப்பளங்களில் சேறு. டெல்டா முழுக்க லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்து விட்டது. உயிரையே பறிகொடுத்த குடும்பங்களும் உண்டு. அவர்களும் அன்று ராத்திரி சாமியைக் கூப்பிட்டுத்தானே இருப்பார்கள்? அதனால் "நான் ஜெபித்தேன், பிள்ளை பிழைத்தான்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

தோழிக்கு நான் சொல்வது இதுதான். ஜெபம் அன்று காற்றை நிறுத்தவில்லை. என் கை நடுக்கத்தை நிறுத்தியது. மறந்த மருந்தை ஞாபகப்படுத்தியது. சகோதரிகளே, ஜெபம் செய்யுங்கள். மருந்தும் கொடுங்கள். வழி கிடைத்ததும் டாக்டரிடம் காட்டுங்கள். மழைக்காலம் வந்தால் இப்போதும் என் பையில் ஜெபமாலை, காய்ச்சல் மருந்து, டார்ச் மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

— ஒரு வாசகி, கோடியக்கரை