சொத்து வரி: யார் எவ்வளவு கட்டுவது நியாயம்?

நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் உள்ளாட்சி அமைப்புகள் விதிக்கும் வரி சொத்து வரி எனப்படுகிறது. கிராமங்களில் இதை வீட்டு வரி என்பார்கள். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 49ஆவது இனம் இந்த வரியை மாநிலங்களுக்கு ஒதுக்குகிறது. மாநிலங்கள் தம் சட்டங்களின் மூலம் இதை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளுக்கு அளித்துள்ளன.

வருமான வரி பலருக்குச் சம்பளத்திலேயே பிடித்தமாகிவிடுகிறது. ஜி.எஸ்.டி. பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. சொத்து வரியை மட்டும் ஆண்டுக்கு இருமுறை நாமே எண்ணிக் கட்ட வேண்டியிருக்கிறது. தொகை சிறியதானாலும் இந்த வரி அதிகம் உறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

இந்த உறுத்தலுக்கு வரலாறும் உண்டு. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது நகர மன்றம், சிறைச்சாலை, பள்ளிக்கூடம் கட்ட வரி விதிக்கும் அதிகாரம் அதற்கு வழங்கப்பட்டது. நகரவாசிகள் வரி கட்ட விரும்பவில்லை. 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனி வீட்டு வரி விதித்தபோது காசி மக்கள் கடைகளை அடைத்து, வீடுகளைவிட்டு வெளியேறி, திறந்த வெளியில் கூடி அமர்ந்தனர். இறுதியில் அந்த வரி திரும்பப் பெறப்பட்டது. இந்த நிகழ்வின் அரசு ஆவணங்களை ஆய்வாளர் தரம்பால் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். ஒத்துழையாமை காந்திக்கு முன்பே இம்மண்ணில் இருந்தது என்பதற்கு அவர் காட்டிய சான்று ஒரு வீட்டு வரிப் போராட்டம் என்பது கவனிக்கத்தக்கது.

வரியைக் கணக்கிடும் முறை

தமிழ்நாட்டில் சொத்து வரிக்கு அடிப்படையாக இருந்து வந்தது ‘ஆண்டு மதிப்பு’. அதாவது, ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. சொந்தக்காரர் உண்மையில் வாடகைக்கு விட்டிருக்க வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என அடிப்படை வீதம் வகுத்து, பரப்பளவால் பெருக்கி, கட்டடத்தின் வயது, பயன்பாடு ஆகியவற்றுக்கேற்பக் கழிவு தருவார்கள். வணிகக் கட்டடத்துக்கு வீதம் அதிகம்.

எல்லா நகரங்களும் இதே வழியில் செல்வதில்லை. பாட்னா 1993இல் பரப்பளவு அடிப்படைக்கு மாறியது. பெங்களூரும் டெல்லியும் பின்னர் அலகுப் பரப்பு முறையைக் கொண்டுவந்தன. மும்பை 2010 முதல் சொத்தின் மூலதன மதிப்பைக் கணக்கில் கொள்கிறது.

உறைந்துபோன மதிப்பு

சென்னையில் 1998இல் பொதுச் சீராய்வு நடந்தது. அப்போது குடியிருப்புகளுக்கு மாதம் சதுர அடிக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை அடிப்படை வீதம் வகுக்கப்பட்டது. சென்னையில் வீடு தேடி அலைந்த எவரும் இந்த எண்களைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் இவையே நீடித்தன. 2018 ஜூலையில் உயர்வு அறிவிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதால் 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது.

பிறகு 2022 ஏப்ரலில் வந்தது பெரிய உயர்வு. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கு இதே வரிசையில் 25, 50, 75, 100 சதவீதம்.

சிறிய வீட்டுக்குக் குறைந்த உயர்வு, பெரிய வீட்டுக்கு அதிக உயர்வு என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்த உயர்வு எதன்மீது ஏற்றப்பட்டது என்று கேட்டால் சிக்கல் புரியும். சொத்துகள் புதிதாக மதிப்பிடப்படவில்லை. பழைய வரியின்மீது சதவீதம் கூட்டப்பட்டது. 1998இல் ஓரமாகக் கிடந்த தெரு இன்று கடைவீதியாகியிருக்கலாம். அன்று செழிப்பாக இருந்த தெரு இன்று நெரிசலில் மங்கியிருக்கலாம். முன்னது அன்றைய குறைந்த வீதத்தின் சலுகையைத் தொடர்ந்து அனுபவிக்கிறது. பின்னது அன்றைய உயர்ந்த வீதத்தைச் சுமக்கிறது. சதவீத உயர்வு பழைய கோணலை நிமிர்த்தாது, பெரிதாக்கும். இருவர் 1,000 ரூபாயும் 2,000 ரூபாயும் கட்டிவந்தால் வித்தியாசம் 1,000. இருவருக்கும் 100 சதவீதம் கூட்டினால் அது 2,000 ஆகிறது.

படிநிலைகளிலும் ஒரு முரண் இருக்கிறது. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டிவந்த இரு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1,190 சதுர அடி, மற்றொன்று 1,210. முதலாவது இனி 3,500 ரூபாய் கட்டும், இரண்டாவது 4,000. இருபது சதுர அடி ஒரு குளியலறை அளவுகூட இல்லை.

எல்லைக்கோடும் இப்படித்தான். திருவான்மியூர் பழைய சென்னை. அதை ஒட்டிய கொட்டிவாக்கம் 2011இல் சேர்ந்தது. இரண்டும் ஒரே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்தும் உயர்வு வேறு. பாதாளச் சாக்கடை முதலிய வசதிகள் புதிய பகுதிகளுக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன என்பதால் இந்த வேறுபாட்டை அநியாயம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு பகுதிக்கு வசதி வந்து சேர்ந்ததும் அதன் வரியும் மாற வேண்டும். அதற்குத் தெருவாரியான மறுமதிப்பீடு தேவை. பொதுச் சதவீதம் போதாது.

கலிபோர்னியாவில் நடந்தது

மறுமதிப்பீடே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காணலாம். வீட்டு விலையோடு வரியும் ஏறியதால் கொதித்த வாக்காளர்கள் 1978 ஜூனில் ‘முன்மொழிவு 13’ஐ நிறைவேற்றினர். அதன்படி வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; வீடு கைமாறும்வரை மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது. முதியவர்கள் வீட்டை இழக்காமல் காத்தது இச்சட்டம். அதே சமயம், புதிதாக வீடு வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரரைவிடப் பல மடங்கு கட்டும் நிலையும் வந்தது. ஸ்டெபனி நார்ட்லிங்கர் என்பவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். 1992இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

கையில் காசில்லாத சொத்துக்காரர்

ஒரே அளவுள்ள வீடுகளுக்கு ஒரே வரி என்பது ஒரு நியாயம். கட்டும் சக்திக்கேற்ற வரி என்பது இன்னொன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் வாங்கிய வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டியின் வீடு இன்று கோடிகள் பெறும். ஆனால் வீட்டின் மதிப்பைக் கொண்டு அரிசி வாங்க முடியாது. அதற்காக வரியையே உறையவைப்பது, அதே தெருவில் பத்து வீடுகளை வாடகைக்கு விடுபவருக்கும் சலுகை தருவதாகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயதானவர்கள் வரியைத் தள்ளிவைக்கலாம். வீடு விற்கும்போது வட்டியோடு அது தீர்க்கப்படும். என் கருத்தில் உறையவைப்பதைவிட இது நேர்மையான வழி.

பணம் எங்கே போகிறது?

குப்பை அகற்றல், தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலைகள், பூங்கா, பணியாளர் சம்பளம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்குச் சொத்து வரி பயன்படுகிறது. தமிழ்நாட்டில் இதனோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரிதான் பொது நூலகங்களுக்கான ஆதாரம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடை அது. சென்னையில் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் இருக்கிறது. அது மாநகராட்சியின் ஆண்டு மதிப்பை வைத்தே 7 சதவீத வரி விதிக்கிறது. ஆகவே மதிப்பீட்டில் ஒரு பிழை நேர்ந்தால் இரண்டு ரசீதுகளிலும் அது எதிரொலிக்கும்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரிவரை தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடக்கவில்லை. 2018 உயர்வு அறிவிக்கப்பட்டபோது தட்டிக் கேட்கக் கவுன்சிலரே இல்லை. 2022 உயர்வு புதிய கவுன்சிலர்கள் பதவியேற்று ஒரு மாதத்தில், மாநில அரசின் ஆணையாக வந்தது. அதற்கும் பின்னணியில் மத்திய நிதிக் குழு இருந்தது: குறைந்தபட்ச வரி வீதத்தை அறிவிக்காத மாநிலங்களின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் இல்லை என்பது பதினைந்தாவது நிதிக் குழுவின் நிபந்தனை. வாக்காளர் கோபிப்பது வார்டு கவுன்சிலரிடம். முடிவு எடுக்கப்பட்டதோ கோட்டையிலும் டெல்லியிலும்.

வசூலாகாத வரியும் கவனத்துக்குரியது. பெங்களூரும் ஜெய்ப்பூரும் வசூலிக்க முடிந்ததில் 5 முதல் 20 சதவீதத்தைத்தான் வசூலிக்கின்றன என்று 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை செயற்கைக்கோள் படங்களின் துணையோடு மதிப்பிட்டது. பட்டியலில் ஏறாத மாடிகளும், குடியிருப்பு என்று பதிவான கடைகளும் தப்பிக்கும்போது, ஒழுங்காகக் கட்டுபவர் மேலேயே அடுத்த உயர்வும் விழுகிறது. மத்திய அரசின் சொத்துகளுக்கு 285ஆவது பிரிவின்படி வரி கிடையாது. எனினும் சாலையும் விளக்கும் அவற்றுக்கும் தேவைப்படுவதால், வசதிகளைப் பயன்படுத்தும் அளவுக்கேற்பச் சொத்து வரியில் 33.33 முதல் 75 சதவீதம்வரை சேவைக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றத்தின் முன் உறுதியாயிற்று.