களவுபோய் மீண்ட வண்டியும் அதன் சாவிப் பூட்டும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டு, முந்தலைக் கடந்ததும் மலையைப் பற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிப் போடிமெட்டை அடைகிற பாதையில், வாகனத்தின் உறுப்புகளுள் எது மிக முக்கியமானது என்று கேட்டால், அனுபவசாலியான எந்த டிரைவரும் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும்தான் சொல்லுவார். சாவிப் பூட்டைச் சொல்லுவார் இல்லை. ஒர்க்‌ஷாப்புகளில் இக்னிஷன் லாக் என்று வழங்கும் அந்தச் சிறு சாதனம் வண்டியைக் கிளப்புவதற்கு மட்டுமே உள்ளது என்பது பொதுவான அபிப்பிராயம். அது பிழையான அபிப்பிராயம். களவுபோய் மீட்கப்பட்ட ஒரு வண்டியில் அந்தப் பூட்டைச் செப்பனிடுவது ஸ்டியரிங்கையே செப்பனிடுவதற்குச் சமமான காரியம் என்பதை இம்மலைச் சரிவுகளில் வண்டி வைத்திருப்போர் அனைவரும் அறிந்திருப்பது அவசியம்.

ஏலக்காய் வியாபாரமே இந்தப் பிரதேசத்தின் ஜீவாதாரம். ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் ஏலக்காய் ஏலம் நடைபெறும் ஊர்கள் தமிழ்நாட்டில் போடியும், மலைக்கு அப்பால் கேரளத்தில் புற்றடியும் ஆகும். காய் பறிப்புக் காலத்தில் விடியற்காலையிலேயே தொழிலாளரை ஏற்றிக்கொண்டு பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏறிச் செல்லும் ஜீப்புகள், மாலையில் அவர்களையே ஏற்றிக்கொண்டு இறங்குகின்றன. இத்தகைய வண்டி ஒன்று களவுபோய்ச் சில வாரங்கள் கழித்து எங்கேனும் கண்டெடுக்கப்படுமானால், உரிமையாளருக்கு உண்டாகும் முதல் எண்ணம், நாளைக் காலையே அதை மலைக்கு அனுப்ப வேண்டும் என்பதே. அந்த அவசரத்தில், பூட்டு உடைந்து தொங்கினாலும், கம்பிகளை முறுக்கிச் சேர்த்து, பொத்தான் ஒன்றை வைத்து, எஞ்சின் கிளம்பிவிட்டது என்று திருப்தியடைவோர் பலர். அந்தத் திருப்தியில் எத்தகைய அபாயம் மறைந்திருக்கிறது என்பதை உணர, பூட்டின் உள்ளமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து ஊரான திண்டுக்கல்லின் பூட்டுகளை அறியாதார் இல்லை. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றவை அவை. அவற்றின் உள்ளே நெம்புத் தகடுகள் சில அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் தாழ் நகர இடம் கிடைக்கும். காரின் பூட்டிலும் தத்துவம் இதுவே. வடிவம் மட்டும் வேறு. வெளிக்கூட்டின் உள்ளே சுழலத்தக்க ஓர் உருளை இருக்கிறது. அவ்வுருளையில் வெட்டப்பட்ட குறுகிய காடிகளில் மெல்லிய பித்தளைத் தகடுகள், தகட்டுக்கு ஒரு சிறு சுருள்வில்லோடு, வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் சாவி நுழைவதற்கு ஒரு நீள்சதுரத் துவாரம் உண்டு. சாவி இல்லாத சமயத்தில் வில்லினால் தள்ளப்பட்ட தகடுகள் உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கூட்டிலுள்ள பள்ளத்தில் சிக்கி நிற்பதால் உருளை சுழலாது. உரிய சாவி நுழைந்ததும் எல்லாத் தகடுகளும் ஒரே சமயத்தில் உருளையின் விளிம்புக்குள் அடங்கிவிட, அது தடையின்றித் திரும்புகிறது. எட்டுத் தகடுகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை உயரம் அமையக்கூடுமானால், கணக்கின்படி 65,536 வேறுபட்ட சாவிகள் பிறக்கும்; ஒன்றுக்கொன்று மிக ஒத்தவற்றைத் தயாரிப்பாளர் விலக்கிவிடுவதால் புழக்கத்தில் வருவன அதனினும் குறைவு.

அமெரிக்கரான லைனஸ் யேல் 1861-இல் ஊசிகளைக் கொண்ட உருளைப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்ற சில ஆண்டுகளிலேயே, 1868-இல், பைலோ பெல்ட்டர் என்பவர் தகடுகளைக் கொண்ட பூட்டை அமைத்தார். ஆனால் அந்தப் பூட்டு மோட்டார் வண்டியில் இன்றுள்ள ஸ்தானத்தை அடைய நெடுங்காலம் பிடித்தது. கையால் சுழற்றிக் கிளப்பும் கஷ்டத்தை நீக்கி, சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ப் மோட்டார் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் வந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டை 1949-இல் கிரைஸ்லர் கம்பெனி புகுத்தியது. இரண்டாம் உலக யுத்தத்துக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாவியே கிடையாது. ஆபத்துக் காலத்தில் எந்தச் சிப்பாயும் எடுத்து ஓட்டும்படி, சாதாரணத் திருகுவிசை ஒன்றும், காலால் அழுத்திக் கிளப்பும் பொத்தானும் மட்டுமே இருந்தன. 1947-இல் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் பூட்டி இணைக்கத் தொடங்கியது இந்த வில்லிஸ் வம்சத்து ஜீப்பையே; ஏல மலைகளில் இன்றும் ஓடும் பழைய ஜீப்புகள் அதன் சந்ததியே ஆகும்.

பூட்டையும் ஸ்டியரிங்கையும் ஒன்றாகப் பிணைத்தது திருட்டைத் தடுப்பதற்காக எழுந்த யோசனை. கம்பிகளைச் சேர்த்து எஞ்சினைக் கிளப்பிவிட்டாலும் வண்டியைத் திருப்ப முடியாமல் போனால் திருடன் எங்கே செல்வான்? இந்த நோக்கத்தோடு, சாவியை உருவியதும் ஸ்டியரிங்கையாவது வண்டியின் முன்னோட்டத்தையாவது தடுக்கும் பூட்டு புதிய கார்களில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1970 முதல் விதி செய்யப்பட்டது. ஸ்டியரிங் தண்டைச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டிய ஒரு வளையம் உண்டு. பூட்டின் கூட்டிலிருந்து, வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போன்ற ஓர் எஃகுத் தாழ், வில்லின் வேகத்தால் அந்தப் பள்ளத்தில் விழுந்து தண்டை நிறுத்திவிடுகிறது. சாவியைத் திருப்பும்போது உருளையின் பின்வால் இரண்டு காரியங்களைச் செய்கிறது: பின்னாலுள்ள மின்விசையைத் திருப்புகிறது; தாழையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இனி வருவதே இக்கட்டுரையின் உயிரான இடம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அந்தத் தாழ் தப்பித்தவறியும் விழுந்துவிடக் கூடாதல்லவா? அதற்காகவே கூட்டினுள் ஒரு சிறு நெம்புத் துண்டை அமைத்திருக்கிறார்கள். சாவி பூட்டுக்குள் இருக்கும்வரை அத்துண்டு தாழைப் பற்றி நிற்கும். வண்டியை அணைத்தாலும், சாவியை முழுதாக உருவினாலொழிய, அது தாழை விடுவதில்லை. இறக்கத்தில் எண்ணெயை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும் கெட்ட வழக்கம் சிலரிடம் உண்டு. அது எந்நிலையிலும் தகாதது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைச் சக்தி நின்றுவிடும். அத்தகைய வழக்கமுடையவர்களும் இதுகாறும் ஸ்டியரிங் இறுகாமல் இறங்கி வந்தார்கள் என்றால், அது அந்தச் சிறு நெம்புத் துண்டின் தயவு.

திருடன் செய்வது என்ன? சாவித் துவாரத்தில் வன்முறையாக எதையேனும் செலுத்தித் திருகுகிறான். தகடுகள் நசுங்குகின்றன, உருளை பிளக்கிறது. ஸ்டியரிங்கைப் பலங்கொண்டு திருப்பி, தாழைத் தாங்கும் கூட்டை உடைக்கிறான். அந்தக் கூடு எஃகன்று. துத்தநாகம் அல்லது அலுமினியம் கலந்த உலோகத்தை அச்சில் வார்த்தது. வளைவதற்குப் பதில் வெடித்துவிடும் சுபாவம் உடையது. வெடிப்பு சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. தாழின் முனை மழுங்கியும், வளையத்தின் பள்ளம் சிதைந்தும், நெம்புத் துண்டு வளைந்தும் இருக்கலாம். உடைந்த துணுக்கு ஒன்று உள்ளேயே கிடந்து, பள்ளத்தருகே உருண்டுகொண்டிருக்கவும் கூடும். இத்தனை சேதத்தோடும் எஞ்சின் ஓசையின்றி ஓடும். சமதரையில் போடியிலிருந்து தேனிக்குப் போய்வந்தாலும் ஒரு குறையும் தோன்றாது. ஆனால் கரடுமுரடான தோட்டப் பாதையில் குலுங்கும் ஒரு நாளில், பிடிப்பிழந்த தாழ் வில்லின் வேகத்தால் பள்ளத்தில் விழுமானால், ஒரு வளைவில் திரும்பிய ஸ்டியரிங் திரும்பிய நிலையிலேயே நின்றுவிடும். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளத்தாக்குமாக உள்ள பாதையில் அதன் விளைவை விவரிக்க வேண்டியதில்லை.

பழைய டீசல் வண்டிகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பெட்ரோல் எஞ்சினில் சாவியை அணைத்தால் தீப்பொறி நின்று எஞ்சின் ஓய்ந்துவிடுகிறது. டீசல் எஞ்சினிலோ தீப்பொறி என்பதே இல்லை; அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகவே பழைய வண்டிகளில் எண்ணெய் வரவை நிறுத்தத் தனி இழுகம்பி ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அந்த வேலையை மின்சாரத்தால் இயங்கும் வால்வு ஏற்றது. இழுகம்பி உள்ள வண்டியில் சாவியை உருவிய பின்னும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அதிலே ஸ்டியரிங் பூட்டும் இருக்குமானால், தேய்ந்த பூட்டிலிருந்து குலுக்கலில் சாவி நழுவி விழுவது அற்ப விஷயம் அன்று.

செப்பனிடும் வேலை பட்டறையில் ஆரம்பிப்பதில்லை, நீதிமன்றத்தில் ஆரம்பிக்கிறது. மீட்கப்பட்ட வண்டி வழக்குச் சொத்து ஆகையால், விசாரணை முடியுமுன் அதை உரிமையாளரிடம் ஒப்படைக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். இதற்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451-ஆம் பிரிவு வழிசெய்தது; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 497-ஆம் பிரிவு வழிசெய்கிறது. வண்டிகளைப் போலீஸ் நிலைய வாசலில் வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடத்தி வைப்பதால் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2002-இலேயே எடுத்துக்காட்டியிருக்கிறது. எனவே உரிமையாளர் தாமதியாமல் மனுச் செய்யலாம். ஆயினும் உடைந்த பூட்டு ஒரு சாட்சியம் என்பதை மறக்கலாகாது. உத்தரவிலுள்ள நிபந்தனைகளைப் படித்து, பூட்டைக் கழற்ற அனுமதி உண்டா என்று தெரிந்துகொண்டு, புகைப்படம் எடுத்துவைத்து, பழைய பாகங்களை ஒரு பையில் கட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். முழு இன்சூரன்ஸ் உள்ள வண்டியானால், திருட்டினால் உண்டான சேதத்துக்கு இழப்பீடு கோரலாம். ஆனால் சர்வேயர் பார்வையிடுமுன் கழற்றிவிட்டால் சிக்கல் நேரும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த உதவி கிட்டாது.

பட்டறையில் முதற்காரியம் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. ஸ்டியரிங்கில் காற்றுப்பை உள்ள கார்களில், கழற்றிய பிறகும் சில நிமிஷங்கள் காத்திருக்க வேண்டும். தேங்கிய மின்சாரம் வடிய அவகாசம் தேவை. ஸ்டியரிங்கை வன்மையாகத் திருப்பிய கார்களில், காற்றுப்பைக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சுருள்நாடா அறுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பூட்டின் கூட்டைத் தண்டின் உறையோடு பிணைக்கும் போல்ட்டுகள் விசேஷமானவை: முறுக்கும்போது குறிப்பிட்ட அழுத்தத்தில் அவற்றின் தலை தானே முறிந்து விழுந்துவிடும், ஆகையால் ஸ்பானர் கொண்டு கழற்ற இயலாது, துளையிட்டோ உளியால் தட்டியோதான் எடுக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போதும் அதே வகைப் புதிய போல்ட்டுகளையே போட வேண்டும். சாதாரண போல்ட்டைப் போடுவது அடுத்த திருடனுக்குச் செய்யும் உபகாரம். உருளை மட்டும் கெட்டிருந்தால் தகடுகளை மாற்றிப் பழைய சாவிக்கே இசையச் செய்யும் கைத்திறன் உள்ள சாவிக்காரர்கள் உண்டு. அவர்களுடைய நுட்பம் மிகுந்த மரியாதைக்குரியது. ஆனால் கூடு வெடித்திருந்தாலோ, தாழ் மழுங்கியிருந்தாலோ, பற்றவைப்பதும் பசை ஒட்டுவதும் கூடாது. லாக் செட் முழுவதையும் மாற்றுவதே தகும். தண்டிலுள்ள வளையம் சிதைந்திருந்தால் தண்டையும் மாற்ற வேண்டும். அறுந்த கம்பிகளைத் திருகிச் சுற்றி டேப் ஒட்டுவதும் போதாது. பனியும் மழையும் ஓயாத மேட்டில் அந்த இணைப்புகளில் களிம்பேறி, செல்ப் எடுக்காமல் போகும், அல்லது சூடேறிக் கருகும்.

புதிய கார்களின் சாவித் தலையில் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது பூட்டு ஒன்றும் இருக்கிறது. பேட்டரியற்ற ஒரு சிறு மின்னணுத் துணுக்கு அதனுள் பதிக்கப்பட்டுள்ளது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் அதற்குச் சக்தியூட்ட, துணுக்கு தன் ரகசிய எண்ணைத் தெரிவிக்கிறது. எஞ்சினை ஆளும் கணிப்பொறி அதை ஒப்பிட்டுப் பார்த்தே எண்ணெயை விடுகிறது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். இத்தகைய காரில் உருளையை மாற்றினால் மட்டும் போதாது. களவில் ஒரு சாவியும் போயிருக்குமானால், கணிப்பொறியின் நினைவிலிருந்து எல்லாச் சாவிகளையும் அழித்து, கையிலுள்ளவற்றை மறுபடி பதிய வேண்டும். இல்லையேல் தொலைந்த சாவியின் துணுக்கை வண்டி நாளையும் ஏற்றுக்கொள்ளும். புதுச் சாவி வெட்டுவதானால் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டாமல், வண்டியோடு வந்த எண்ணைக் கொண்டு வெட்டுவிப்பது நலம்; தேய்ந்த சாவியின் தேய்மானமும் பிரதியில் இறங்கிவிடும். பூட்டுக்குக் கிரீஸ் போடுவதை விட்டு, கிராபைட் பொடியைச் சிறிது தூவுவதே முறை. கிரீஸ் தோட்டப் பாதையின் புழுதியைச் சேர்த்துக்கொண்டு தகடுகளை இறுகச் செய்துவிடும்.

வேலை முடிந்த வண்டியை வாங்கும்போது, எஞ்சின் கிளம்புகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், பட்டறையின் சமதரையிலேயே மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சாவியைப் போட்டுத் திருப்பி, ஸ்டியரிங்கை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாகத் திருப்பி, எங்கேனும் உரசலோ தட்டலோ உண்டா என்று கவனியுங்கள். பிறகு எஞ்சினை அணைத்து, சாவியை உருவாமல் மீண்டும் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் இறுகக் கூடாது. சாவியை உருவிய பின்பே தாழ் விழ வேண்டும். சாவியைப் போட்டுத் திருப்பியதும் அது தயக்கமின்றி விலக வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும், அன்றைய சவாரி நஷ்டமானாலும் பரவாயில்லை, அந்த வண்டியில் தொழிலாளரை ஏற்றி முந்தலுக்கு மேலே அனுப்பாதீர்கள்.